புதிதாகச் சேர்ந்த பல்கலைக்கழக ஆசிரியருக்கு: எதை எப்போது கேட்பது

பணியில் சேர்ந்தவுடன் பலரும் வகுப்புக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். குறிப்பு உங்கள் கையில் இருக்கிற வேலை; இன்று இரவுகூட எழுதலாம். நூலகம் வாங்கவேண்டிய புத்தகம், கணினி மையம் திறந்துதர வேண்டிய கணக்கு, கருவியைத் தொடுவதற்கு முன் முடிக்கவேண்டிய பயிற்சி எல்லாம் அடுத்தவர் கையில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு, அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் ஆட்களும் உண்டு. ஆகவே எது வந்துசேர அதிக நாள் பிடிக்குமோ அதை முதலில் கேளுங்கள். வளாகத்தில் ஒரு வசதி கிடைக்காமல் போவது பெரும்பாலும் கேட்கவேண்டிய நாளில் கேட்காததால்தான்.

முதல் நாள்: பெயரும் கணக்கும்

பணியாளர் எண் வந்தால்தான் மின்னஞ்சல் கணக்கு. அது வந்தால்தான் நூலகம், வகுப்புத் தளம், வைஃபை, சில இடங்களில் அறைக் கதவுகூடத் திறக்கும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் பெயர். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுகிறவர்களுக்கு இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. பன்னாட்டுத் தரவுத்தளங்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். நியமன ஆணையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம், முதல் கட்டுரையில் மூன்றாவது விதம் என்று போட்டால், சில ஆண்டுகள் கழித்து உங்கள் கட்டுரைகள் மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயரில் கிடக்கும். ஒரே வடிவத்தை முடிவுசெய்து, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே அதைக் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்துவதென்றால் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும்.

கூடவே, பெயர் எப்படி எழுதப்பட்டாலும் கட்டுரைகளை உங்களோடு இணைக்கும் ஓர்கிட் (ORCID) எண் ஒன்று பதிவுசெய்யுங்கள். 2012 முதல் வழங்கப்படும் இந்த 16 இலக்க அடையாளம் ஆய்வாளருக்கு இலவசம். கடைசி இடத்தில் சிலருக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும். அது சரிபார்ப்புக் குறி, பிழை அல்ல. பதிவில் பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். பணி மாறும்போது அலுவலகக் கணக்கு மூடப்படும். அந்த ஒரு முகவரியை மட்டும் நம்பியிருந்தால் கடவுச்சொல் மீட்பு அஞ்சலும் அதோடு போய்விடும். வங்கி, குடும்ப விஷயங்களுக்கு அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்கவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கும்போது தரப்படும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு வீட்டில் வையுங்கள். கைபேசி எப்போது வேண்டுமானாலும் தொலையும். மதிப்பெண் ஏற்றவேண்டிய கடைசி நாளில் தொலைந்தால்தான் அதன் அருமை தெரியும்.

உங்கள் நிறுவனம் எட்யூரோம் வைஃபை வலையமைப்பில் இருந்தால், அதில் சேர்ந்த வேறு எந்த வளாகத்துக்குப் போனாலும் அதே கணக்கு வேலைசெய்யும். வேலைசெய்யவில்லை என்று வருகிறவர்களில் பலர் பயனர் பெயரில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் கொடுத்திருப்பார்கள். முழு முகவரியும் வேண்டும், ஏனென்றால் எந்த நிறுவனத்திடம் போய் உங்களைச் சரிபார்ப்பது என்பது பின்பகுதியில்தான் இருக்கிறது. பயணத்துக்கு முன் சொந்த வளாகத்திலேயே இணைத்துச் சோதியுங்கள். கணினி மையம் தரும் அமைவுக் கோப்பைப் பயன்படுத்துங்கள்; சான்றிதழ் எச்சரிக்கை வரும்போதெல்லாம் ‘சரி’ அழுத்திப் பழகினால், அதே பெயரில் யாரோ வைத்த போலி வைஃபைக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவீர்கள்.

முதல் வாரம்: நூலகர்

புதியவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் ஆள் நூலகர். கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், உங்கள் துறைக்குப் பொறுப்பான நூலகர் யார் என்று கேட்டு, அரைமணி நேரம் வாங்கி உட்காருங்கள். கையில் இரண்டு பட்டியல் இருக்கட்டும்: மாணவர் படிக்கவேண்டியது, உங்கள் ஆய்வுக்கு வேண்டியது.

மாணவர் பட்டியலைப் பருவம் தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போதே கொடுங்கள். நூல் வாங்க ஒப்புதல், விற்பனையாளர், பட்டியலிடல், அடுக்கில் வைத்தல் என்று நான்கு கட்டம் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நூலென்றால், வெளியே கொண்டுபோக முடியாத குறுங்கால இரவல் பிரிவுக்கு அதை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் எடுத்த மாணவர் தேர்வு முடியும்வரை வைத்திருப்பார்.

மின்னூலில் இன்னொரு பொறி. நூலகத் தளத்தில் நூல் தெரிகிறது, வகுப்பில் அறிவித்தும் விட்டீர்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவு 60 பேர் திறக்கப் போனால் 59 பேருக்குத் திறக்காது. அந்த நூலின் உரிமம் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டும். ‘ஒரே சமயத்தில் எத்தனை பேர் திறக்கலாம்’ என்பதை நூலகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மூன்று பேருக்கானது, வரம்பில்லாதது என்று வேறு உரிம வகைகளும் சந்தையில் உண்டு. வகுப்பின் எண்ணிக்கையைச் சொன்னால் அதற்கேற்ப வாங்க முயல்வார்.

இணைப்பு கொடுப்பதிலும் கவனம் வேண்டும். வீட்டிலிருந்து ப்ராக்ஸி (நூலகச் சந்தாவை வளாகத்துக்கு வெளியே திறந்துதரும் இடைச்சேவை) வழியாக ஒரு கட்டுரையைத் திறந்து, முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து மாணவருக்கு அனுப்பினால் பலருக்கும் வேலைசெய்யாது. அது உங்கள் அமர்வுக்கான தற்காலிக முகவரியாக இருக்கலாம். கட்டுரைப் பக்கத்தில் உள்ள நிலையான இணைப்பையோ, 10 என்ற எண்ணில் தொடங்கும் டி.ஓ.ஐ. என்ற கட்டுரை அடையாள எண்ணை https://doi.org/ என்பதற்குப் பின்னால் சேர்த்த முகவரியையோ எடுத்து, அதன் முன்னால் உங்கள் நூலகத்தின் ப்ராக்ஸி முன்னொட்டைச் சேர்த்துக் கொடுங்கள். அனுப்புவதற்கு முன், வளாகத்துக்கு வெளியே, லாகின் செய்யாத உலாவியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒரு இதழின் எல்லா ஆண்டுகளையும் ஒரே இரவில் தானியங்கி நிரலால் இறக்கிவிடலாம் என்று உங்களுக்கோ உங்கள் ஆய்வு மாணவருக்கோ தோன்றக்கூடும். வேண்டாம். பதிப்பாளரின் கணினி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒரு கணக்கை மட்டும் முடக்காமல் வளாகம் முழுவதற்குமான அணுகலையே நிறுத்திவைக்கக்கூடும். பெருமளவில் உரைகளை ஆராயவேண்டிய பணி உண்மையிலேயே இருந்தால், நூலகர் வழியாகப் பதிப்பாளரிடம் அதற்கான அனுமதி கேட்கலாம்.

நூலகத்தில் இல்லாத கட்டுரைக்கு நூலகங்களுக்கு இடையிலான இரவல் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்குமுன் அதைக் கேளுங்கள். மேற்கோள்களைச் சேர்த்துவைக்க ஜோட்டெரோ போன்ற மென்பொருளை முதல் வாரமே நிறுவிக்கொள்ளுங்கள். ஜோட்டெரோ இலவசம், அதன் மேகச் சேமிப்பு மட்டும் 300 எம்.பி.யோடு நிற்கும். பி.டி.எஃப். கோப்புகள் சேர்ந்தால் அது விரைவில் நிரம்பிவிடும், ஆனால் மேற்கோள் விவரங்கள் அந்த 300 எம்.பி.யில் சேராது. எனவே கோப்புகளை உங்கள் கணினியில் வைத்துக்கொண்டு, விவரங்களை மட்டும் ஒத்திசைத்தால் போதும்.

வகுப்பறையை வெறுமையாகப் பாருங்கள்

கால அட்டவணையில் அறை எண் வந்தவுடன், வகுப்பு இல்லாத நேரத்தில் உங்கள் மடிக்கணினியோடு அங்கே போங்கள். 20 நிமிடம் போதும். ப்ரொஜெக்டர் வயர் எச்.டி.எம்.ஐ.யா, பழைய வி.ஜி.ஏ.வா என்று பாருங்கள். உங்கள் கணினியில் யு.எஸ்.பி.-சி துளை மட்டும் இருந்தால் மாற்றி வேண்டும்; எல்லா யு.எஸ்.பி.-சி துளையும் படம் அனுப்பாது, சில மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மட்டும்தான். மாற்றியை வாங்கியபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஒலிபெருக்கி, மைக் பேட்டரி, திரைக்கு மேலுள்ள விளக்கை மட்டும் தனியாக அணைக்க முடியுமா, சாவி யாரிடம், அவர் எத்தனை மணிக்கு வருவார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிட வேண்டும்.

பிறகு ஒரு ஸ்லைடைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். 24 புள்ளிக்குக் கீழான எழுத்து அங்கிருந்து பெரும்பாலும் வாசிக்கும்படி இருக்காது. தமிழ் எழுத்துக்கு இன்னும் சற்றுக் கூட்டுங்கள். சுழியும் கொம்பும் நெருக்கமாக விழுந்தால் தூரத்தில் குழையும். யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாக மாறிவிடும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். நகல் ஒன்றைப் பென்டிரைவில் எப்போதும் வைத்திருங்கள். 50 நிமிட வகுப்புக்கு 40 நிமிடப் பாடமே தயார்செய்யுங்கள். மீதியைக் கேள்வியும் வயரும் தின்னும்.

வகுப்புத் தளம்

மூடுலோ வேறு எதுவோ, உங்கள் நிறுவனத்தின் கற்றல் மேலாண்மைத் தளத்தில் பாடப்பக்கத்தை வெறுமையிலிருந்து கட்டாதீர்கள். சென்ற ஆண்டு அதே பாடம் நடத்தியவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால் அந்தப் பக்கத்தின் நகலைத் தளப் பொறுப்பாளர் வழியாக இறக்குமதி செய்துகொள்ளுங்கள். நகலெடுத்தபின் முதலில் பார்க்கவேண்டியது தேதிகள். பழைய கெடு தேதியோடு வந்த ஒப்படைப்பு, மாணவர் உள்ளே வந்த முதல் நொடியிலேயே ‘காலம் கடந்தது’ என்று காட்டும்.

கெடுவை ‘வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12’ என்று வைக்காதீர்கள். அது வியாழன் முடியும் நள்ளிரவா, வெள்ளி முடியும் நள்ளிரவா என்று பாதி வகுப்பு ஒரு விதமாகவும் மீதி வேறு விதமாகவும் புரிந்துகொள்ளும். இரவு 11:59 என்று போட்டால் குழப்பமில்லை. இன்னும் நல்லது, உதவி மையம் திறந்திருக்கும் மாலை 4 மணி. கோப்பு ஏறவில்லை என்று ஒருவர் சொன்னால் அதைப் பார்க்க ஆள் இருக்கும். எல்லாம் முடித்தபின் ‘மாணவர் பார்வை’க்கு மாறி, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். நீங்கள் மறைத்துவைத்தது உங்கள் கண்ணுக்கு எப்போதும் தெரியும், மாணவருக்குத் தெரியாது.

ஒப்புமை சோதனை மென்பொருள் தரும் சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 30 சதவீதம் என்றால் 30 சதவீதம் திருட்டு என்று பொருளல்ல. அவ்வளவு சொற்கள் வேறெங்கோ உள்ள உரையோடு பொருந்துகின்றன, அவ்வளவே. மேற்கோள் பட்டியல், சட்டப்பிரிவு, ஆய்வகச் செய்முறையின் வழக்கமான வாக்கியங்கள் எல்லாம் பொருந்தத்தான் செய்யும். அதே சமயம் 5 சதவீதம் காட்டும் கட்டுரையில் அந்த ஐந்தும் ஒரே முழுப் பத்தியாக இருந்தால் அது கவனிக்கவேண்டியது. எண்ணைப் பார்த்துத் தீர்ப்பெழுதாமல் நிறமிட்ட வரிகளைப் படியுங்கள். மாணவரின் வரைவையோ உங்கள் கையெழுத்துப் பிரதியையோ சோதிக்கும்போது ‘களஞ்சியத்தில் சேமிக்க வேண்டாம்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறக்கவேண்டாம். சேமித்துவிட்டால், இறுதி வடிவத்தைச் சமர்ப்பிக்கும்போது அது தன்னோடு தானே பொருந்தி நூறை நெருங்கிய எண்ணைக் காட்டும். அதை விளக்கிக் கடிதம் எழுதுவது உங்கள் தலையில் விழும்.

விடைத்தாளும் மதிப்பெண்ணும்

60 விடைத்தாள், ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் மொத்தம் 12 மணி நேரம். இந்தக் கணக்கைத் தேர்வுத் தேதி அறிவித்த அன்றே போட்டு, நாட்காட்டியில் இடம் ஒதுக்குங்கள். ஒரு தாளை முழுதாகத் திருத்தி அடுத்ததற்குப் போவதைவிட, முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்திவிட்டு இரண்டாவதற்கு வருவது நல்லது. அளவுகோல் நிலையாக இருக்கும். முதல் விடையில் ஏமாற்றிய மாணவர்மீது உள்ள எரிச்சல் அவருடைய ஐந்தாவது விடையில் இறங்காது. ஒவ்வொரு கேள்வியும் முடிந்தபின் முதலில் திருத்திய ஐந்தை மறுபடி பாருங்கள். கை இறுகியோ தளர்ந்தோ இருப்பது அங்கே தெரியும்.

எக்செல் தாளில் மூன்று பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. பதிவெண்ணின் முன்னால் உள்ள சுழியத்தை எக்செல் தின்றுவிடும். எண்ணை இடுவதற்கு முன் அந்த நெடுவரிசையை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றவேண்டும். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால், மதிப்பெண் பழைய இடத்திலேயே நின்று ஒவ்வொன்றும் வேறொருவருக்குப் போய்ச்சேரும். முழு அட்டவணையையும் சேர்த்தே வரிசைப்படுத்துங்கள். வராத மாணவருக்குக் கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரி ஒரு விதம், சுழியம் போட்டால் இன்னொரு விதம். எது விதி என்று தேர்வுப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்தபின் தாள்கட்டிலிருந்து கைபோன போக்கில் பத்தை உருவித் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

கருவி: வாங்குவதற்கு முன் கதவை அளங்கள்

ஆய்வகம் உள்ளவர்களுக்கு மட்டும் இது. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

புதுக் கருவிக்கு விண்ணப்பிக்குமுன், அது வளாகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பொதுக் கருவி மையத்தில் இருந்தால் பயிற்சி, பதிவு, பயன்பாட்டுப் பதிவேடு என்ற மூன்றுதான் உங்கள் செலவு. பயிற்சிக்குத்தான் வரிசை நீளம், எனவே மாதிரி கையில் வருவதற்கு முன்பே பெயரைக் கொடுத்துவிடுங்கள். பதிவுசெய்த நேரத்துக்கு வரமுடியாவிட்டால் ரத்துசெய்யுங்கள். இதை மறப்பவரைக் கருவிப் பொறுப்பாளர் மறப்பதில்லை.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் அளவுநாடாவோடு நடங்கள். இறக்குமிடம், மின்தூக்கிக் கதவு, தாழ்வாரத் திருப்பம், அறைக் கதவு என்று பெட்டி போகும் வழி முழுவதையும் அளந்து, கருவி அடைத்து வரும் பெட்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். கருவியின் அளவு மட்டும் போதாது. ஒருமுனை மின்சாரமா, மும்முனையா, ஆம்பியர் எவ்வளவு, தரை அந்த எடையைத் தாங்குமா, நீர், வாயு, வெளியேற்றுக் குழாய் வேண்டுமா என்பதைப் பொறியியல் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். விலைப்புள்ளியில் நிறுவுதல், பயிற்சி, அளவுத்திருத்தம், உத்தரவாதம் முடிந்தபின் பராமரிப்பு ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்கவேண்டும். வந்த பெட்டி பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தாலும் உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்கலாம். அது அனுப்பிய நாளிலிருந்தா, நிறுவிய நாளிலிருந்தா என்று ஆணையிலேயே எழுதி வாங்குங்கள்.

பாதுகாப்பு வகுப்பைச் சடங்காக எண்ணவேண்டாம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. மூடிய சிற்றறையிலும் மின்தூக்கியிலும் அது ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். மணமோ நிறமோ எச்சரிக்காது. அந்தக் கலத்தை மின்தூக்கியில் அனுப்பினால் ஆள் கூடப் போகக்கூடாது. ஒருவர் மேலே நிற்க, இன்னொருவர் கீழே நின்று வாங்கவேண்டும். வாயு வெளியேற்று அலமாரியில் (ஃபியூம் ஹூட்) வேலையைக் கண்ணாடிக் கதவிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளிச் செய்யுங்கள். பாட்டில் அடுக்கிவைக்கும் இடமாக அதை ஆக்கினால் பின்புறக் காற்றுவழி அடைபட்டு, புகை உங்கள் முகத்துக்கே வரும்.

தரவு

மேகத்தில் ஒத்திசைவு இருக்கிறது, ஆகவே காப்புப் பிரதி இருக்கிறது என்று நினைப்பது பரவலான தவறு. இங்கே அழித்தால் ஒத்திசைவு அங்கேயும் அழிக்கும். பணம் பறிக்க வரும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய பிரதியே மேலே போகும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில் என்பதே பழகிய விதி. பருவத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைக் காப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்பு இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. மாணவர் மதிப்பெண், நோயாளிகள் அல்லது நேர்காணல் தந்தவர்களின் தரவு எதையும் சொந்தப் பென்டிரைவில் வைக்காதீர்கள். நிறுவனச் சேமிப்பகத்தில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் இருக்கும்.

வாரமும் குழுக்களும்

ஒரு புதிய பாடத்தின் ஒரு மணி நேர வகுப்புக்கு முதல் ஆண்டில் மூன்று நான்கு மணி நேரத் தயாரிப்பு ஆகும். வாரம் எட்டு மணி வகுப்பு என்றால் அதுவே ஏறக்குறைய முழு வாரம். ஆய்வுக்கு ‘மிச்ச நேரம்’ என்று ஒன்று வராது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை 90 நிமிடம் அட்டவணையில் பூட்டிவைக்கவேண்டும், அறைக்கதவு மூடியிருக்கவேண்டும். மாணவர் சந்திப்பு நேரம் இரண்டு வெவ்வேறு நாளில், வெவ்வேறு பொழுதில் இருக்கட்டும். ஒரே நேரம் வைத்தால் அப்போது வேறு வகுப்பு உள்ளவர் பருவம் முழுவதும் வரமுடியாது.

குழுவில் சேரச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மாதம் எத்தனை கூட்டம், பொறுப்பு எத்தனை ஆண்டு, குறிப்பு எழுதுவது யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதுக்கு விடை ‘புதிதாக வருகிறவர்’ என்றால் வேலை இரு மடங்கு. மறுக்க வேண்டியிருந்தால் துறைத்தலைவரிடம் உங்கள் பொறுப்புகளின் பட்டியலை நீட்டி, ‘இதை எடுத்தால் எதை விடட்டும், சார்?’ அல்லது ‘மேடம்?’ என்று அவரிடமே கேட்பது மரியாதையாகவும் இருக்கும், பலனும் தரும்.

பதவி உயர்வுக் கோப்பு என்று ஒன்று பின்னால் வரும். அது வரும்போது ஐந்து ஆண்டுச் சான்றுகளைத் தேடுவது கொடுமை. ஒரு கோப்புறை திறந்து, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நடத்திய வகுப்பு, வழிகாட்டிய மாணவர், மதிப்பிட்ட கட்டுரை, உட்கார்ந்த குழு, ஆணைக் கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் போடுங்கள். பத்து நிமிட வேலை. குழுச் செயலர் மாறிவிட்டால் பழைய கூட்டத்துக்குச் சான்றிதழ் தர யாரும் இருக்கமாட்டார்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் மாணவரிடம் மூன்று வார அவகாசம், தன்விவரம், எதற்கு விண்ணப்பிக்கிறார் என்ற குறிப்பு மூன்றையும் கேளுங்கள். மனம் உடைந்து அறைக்கு வரும் மாணவருக்கு நீங்களே மருத்துவராக முயலவேண்டாம். வளாக ஆலோசனை மையத்தின் எண்ணும் நேரமும் மேசையில் ஒட்டியிருக்கட்டும், முடிந்தால் கூடவே நடந்துபோய் விட்டு வாருங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆகவேண்டியிருக்கும்.

அலுவலக உதவியாளர், ஆய்வக நுட்பர், கணக்குப் பிரிவு எழுத்தர் ஆகியோரிடம் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: ‘இது எத்தனை மேசை தாண்டும், எந்த மேசையில் நிற்கும்?’ அவர்கள் சொல்லும் நாட்கணக்கைக் குறித்துவையுங்கள். பருவம் முடியும் வாரத்தில் அந்தக் குறிப்பை எடுத்து, அடுத்த பருவத்துக்கான நூல் பட்டியல், அறை மாற்றம், கருவிப் பயிற்சி, பயண ஒப்புதல் ஆகிய நான்கையும் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிப் போடுங்கள். நூல் பட்டியல் பெரும்பாலும் விடுமுறை தொடங்கும் நாளிலேயே வந்து விழும்.